புரையோடும் கால்: மதுரையின் பெயர் தாங்கிய நோய்

உலகின் எந்த மூலையில் மருத்துவம் படித்தாலும் மதுரையைத் தொடாமல் படிப்பை முடிக்க முடியாது. பூஞ்சை நோய்களைப் பற்றிய பாடத்தில் ‘மதுரா கால்’ என்ற பெயர் வந்தே தீரும். 1842இல் மதுரை மருந்தகத்திலிருந்து ஜான் கில் என்ற மருத்துவர், பாதம் வீங்கி, உருக்குலைந்து, பல வாய் வைத்துப் புரையோடும் ஒரு நோயை விவரித்தார். 1846இல் கோல்புரூக் என்பவர் அதை மதுரா கால் என்று எழுத, அந்தப் பெயரே நிலைத்தது. 1860இல் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், இதற்குக் காரணம் பூஞ்சை என்று கண்டு ‘மைசெட்டோமா’ என்று பெயரிட்டார். மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் ‘கிரேஸ் அனாட்டமி’ நூலின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்த கைதான் அது. பிறகு கண்டுபிடிக்கப்பட்ட கிருமிகளுக்கும் மதுரையின் பெயரே வந்து சேர்ந்தது: பூஞ்சைக்கு மதுரெல்லா, பாக்டீரியாவுக்கு ஆக்டினோமதுரா. ஜான் கில் எழுதிய காலத்தில் திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் மதுரை ஜில்லாவுக்குள் இருந்தவை. இன்று அவை விருதுநகர் மாவட்டம். நோய்க்குப் பெயர் கொடுத்த மண்ணில் இந்த வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த நோயைக் கண்டதும் இனம் காணும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. இதே மண்ணிலிருந்து வரும் பூஞ்சை கண்ணில் விழுந்தால் அரை மணி நேரத்தில் அடையாளம் காணும் வல்லமையை மதுரை நாற்பதாண்டுகளாக வளர்த்து வைத்திருக்கிறது. காலில் விழுந்தால் மட்டும் வருடக்கணக்கில் தெரியாமலே போகிறது. கண்ணுக்குச் செய்த அதே காரியத்தைக் காலுக்கும் செய்ய முடியும், அதற்குப் புதிய மருந்தோ பெரிய கட்டடமோ தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் நோயைப் பார்ப்போம். காட்டுக்கு ஆடு பத்தப் போனவருக்கு, விறகு வெட்டியவருக்கு, கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டியவருக்குக் காலில் ஒரு முள் குத்துகிறது. ஊக்கை வைத்தோ முள்வாங்கியை வைத்தோ எடுத்துவிடுகிறார். நுனி உள்ளே ஒடிந்திருந்தால் எருக்கம்பால் வைத்துவிட்டு மறந்துபோகிறார். முள்ளோடு மண்ணில் கிடந்த கிருமி தோலுக்கடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மாதங்கள் கழித்து, சிலருக்கு வருடங்கள் கழித்து, அந்த இடத்தில் ஒரு கெட்டியான முடிச்சு தெரியும். அமுக்கினால் வலிக்காது. கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவுகிறவர்களும் உண்டு. முடிச்சு பரந்து பாதத்தைத் தடிக்கவைக்கும். பிறகு அங்கங்கே சின்னச் சின்ன வாய்கள் திறக்கும், நீர் கசியும், ஒன்று மூடும், பக்கத்தில் இன்னொன்று திறக்கும். தமிழில் ‘புரையோடிய புண்’ என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடையாது. வடமொழியில் இதைப் பாதவல்மீகம், அதாவது பாதத்தில் எழும் புற்று என்பார்கள். மேலே பல கண், உள்ளே வளை வளையாகப் பாதை என்று இருக்கும் கரையான் புற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் விளக்கமின்றியே புரியும். கசியும் நீரில் குருணை குருணையாக ஏதோ வரும். சிலருக்குக் கடுகு போலக் கறுப்பாக, சிலருக்கு ரவை போல வெளுப்பாக, சிலருக்குச் சிவப்பாக. அந்தக் குருணை ஒவ்வொன்றும் கிருமிகள் கூடிக் கட்டிய கோட்டை. வீக்கம், புரை, குருணை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது மதுரா கால்தான்.

வலி இல்லாததுதான் இந்த நோயின் மிகப்பெரிய கேடு. வலித்தால் மனிதன் மருத்துவமனைக்கு ஓடுவான். வலிக்காத கால் நடக்கும், வேலைக்குப் போகும், கூலி வாங்கும். மேலே வேறு கிருமி தொற்றிக்கொண்டு காய்ச்சலும் வலியும் வந்த பிறகுதான் பலர் மருத்துவரிடம் வருகிறார்கள். அதற்குள் உள்ளே பாத எலும்புகளை நோய் அரித்திருக்கும். அப்போதும் அது தன் பெயரில் அறியப்படுவதில்லை. பருத்த கால் என்பதால் யானைக்கால் என்கிறார்கள். சீழ் வடிவதால் எலும்புச் சீழ் என்கிறார்கள். ஆறாத புண் என்பதால் எலும்பு டிபி என்று சந்தேகப்படுகிறார்கள். சர்க்கரை அளவும் கூடியிருந்தால் ‘சர்க்கரைப் புண்’ என்பதோடு விசாரணை நின்றுவிடுகிறது. நீரிழிவு இத்தனை பரவியிருக்கும் தமிழ்நாட்டில் ஆறாத கால் புண்ணைப் பார்த்ததும் அந்த முடிவுக்கு வருவது மிக எளிது. இன்னொரு பொறியும் உண்டு. வாய் திறந்த புரையிலிருந்து சீழைத் துடைத்து ஆய்வுக்கு அனுப்பினால், தோல்மேல் குடியேறிய சாதாரணக் கிருமிகளே வளர்ந்து காட்டும். அறிக்கையை நம்பி ஆன்டிபயாடிக் எழுதினால் சில நாள் கசிவு குறையும்; நோயாளிக்கும் மருத்துவருக்கும் நிம்மதி வரும்; அடியில் நோய் தன் வேலையைத் தொடரும். சீழை நம்பக் கூடாது, குருணையைத்தான் நம்ப வேண்டும் என்பது இந்த நோயின் முதல் பாடம்.

விருதுநகர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் பெயர்ப் பெருமை மட்டுமல்ல. இந்த நோய் உலகில் எங்கெல்லாம் வேரூன்றியிருக்கிறதோ அங்கெல்லாம் நிலம் ஒரே சாயலில் இருக்கிறது: நீண்ட வறட்சி, குறுகிய மழைக்காலம், முள் காடு, வெறுங்காலோடு உழைக்கும் ஏழைகள். சூடான், மெக்சிகோ, ராஜஸ்தான் வரிசையில் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரங்களை வைத்தால் பொருத்தம் கண்ணில் படும். மழை பொய்த்த மானாவாரி நிலம், அதை மூடிக்கொண்ட சீமைக்கருவேலம், அதை வெட்டிக் கரி போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள், உடைமுள் காட்டில் ஆடு மேய்க்கும் சிறுவர்கள் என்று எல்லாமே இங்கே இருக்கின்றன. விவசாயம் கைவிட்டதால்தான் இந்தக் கரிசல் பூமியின் மக்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் போனார்கள். போனாலும் மண்ணை முழுதாக விட்டுவிடவில்லை. ஆலை மூடிக் கிடக்கும் மாதங்களில் அதே கைகள் களையெடுக்கின்றன, விறகு பொறுக்குகின்றன. பட்டாசு ஆலையே ஊருக்கு ஒதுக்குப்புறமான பொட்டல் காட்டில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்ட சின்னச் சின்ன அறைகளாகத்தான் பரவிக் கிடக்கிறது.

அந்த அறைகளின் வாசலை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். வெடிமருந்து புழங்கும் அறைக்குள் செருப்பு போடுவதில்லை. உரசலும் உடம்பில் சேரும் மின்னூட்டமும் ஒரு பொறியைக் கிளப்பினால் போதும், உயிர் போய்விடும். அதனால் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு, வெறுங்காலோடு உள்ளே போகிறார்கள். உயிர் காக்கும் அந்த ஒழுங்கு சரியானது. அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் கழற்றிய செருப்பைத் திரும்பப் போடாமலே அறைக்கு அறை, காயப்போடும் மேடைக்கு, வாகனத்துக்கு என்று முள் கிடக்கும் தரையில் நடப்பது பாதுகாப்பு விதியின் பகுதி கிடையாது; அது பழக்கம். பட்டாசுத் தொழில் மதுரா காலை உண்டாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. வெடி விபத்தையும் தீக்காயத்தையும் மட்டுமே தொழிலாளியின் உடல்நலமாகக் கருதிப் பழகிய ஒரு வட்டாரத்தில், சத்தமின்றி வரும் நோய் யார் பட்டியலிலும் ஏறுவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். விபத்துக்கு மறுநாளே நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. ஐந்து வருடத்தில் மெல்ல மெல்லப் போகும் காலுக்கு அறிவிப்பே கிடையாது.

இனி கண்ணுக்கு வருவோம். நெல் அறுக்கும்போது கண்ணில் தெறித்த தாள், மாடு தலையை ஆட்டியபோது பட்ட வால், காற்றில் வந்து விழுந்த புழுதி இவற்றின் வழியாகவும் மண்ணின் பூஞ்சை உடம்புக்குள் புகுகிறது. கருவிழியில் ஒரு கீறல் போதும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பாகி ‘பூ விழுந்த கண்’ ஆகிவிடும். ஆறாவிட்டால் கண்ணே போகும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் அப்போது தெரிந்திருந்த அளவைப் போல இது பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்படி வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, கிருமி பிடிபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சையே காரணம் என்று தெரிந்தது. அதிலும் பெரும்பங்கு ஃபியூசேரியம் என்ற மண்வாழ் பூஞ்சை. திருநெல்வேலியில் 1999 முதல் 2002 வரை 3,183 புண்களைப் பரிசோதித்தபோதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூஞ்சைதான். குளிர் நாடுகளில் அபூர்வமாக இருக்கும் ஒன்று இங்கே அன்றாடம் என்பதை இந்த எண்கள் நிறுவின.

எண்ணியதோடு மதுரைக் கண் மருத்துவர்கள் நிற்கவில்லை. கருவிழிப் புண்ணோடு ஒருவர் வந்தால், மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணின் விளிம்பை மெல்லிய தகட்டால் சுரண்டி எடுக்கிறார்கள். கடுகளவுகூட இராத அந்தத் துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் தடவி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். திசு கரைந்து தெளிய, பூஞ்சையின் இழைகள் மட்டும் கிளை கிளையாகத் தெரிகின்றன. பூஞ்சையா இல்லையா என்ற கேள்விக்கு நோயாளி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே பதில் கிடைத்துவிடுகிறது. அந்தப் பதிலில்தான் கண் பிழைக்கிறது. ஏனென்றால் பூஞ்சைப் புண்ணுக்குக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டால் சிவப்பு குறைந்து நோய் பெருகும். பாக்டீரியாவுக்கான மருந்து விட்டால் நாள் வீணாகும். எந்த மருந்து என்பதிலும் மதுரை உலகத்துக்குப் பாடம் சொன்னது. நேட்டமைசின் என்ற பழைய மருந்தையும் வோரிகோனசோல் என்ற புதிய, விலை கூடிய மருந்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஜெயித்தது பழைய மருந்து, அதிலும் ஃபியூசேரியம் விஷயத்தில் தெளிவாக. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நேட்டமைசின் சேர்ந்தது. தடுப்பிலும் இதே கதைதான். மதுரை மாவட்டக் கிராமங்களில் ஏறத்தாழ 48,000 பேரை ஒன்றரை ஆண்டு கவனித்து, கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு உடனுக்குடன் ஊரிலேயே மலிவான களிம்பு போட்டார்கள். கீறல்கள் புண்ணாகாமல் ஆறின. அதே கிராமங்களில் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணில் விடுவதுதான் காலங்காலமான வழக்கம். வழக்கத்தைத் திட்டி இதைச் சாதிக்கவில்லை. அந்த நாளே கைக்கெட்டும் ஒன்றைக் கொடுத்துத்தான் சாதித்தார்கள்.

கண்ணுக்கு நடந்தது காலுக்கு ஏன் நடக்கவில்லை? கண் வலிக்கும், பார்வை மங்கும், அதனால் நோயாளி வருவார் என்பது பாதி விடை. வந்தவரின் புண்ணைச் சுரண்டிப் பார்க்க ஓர் ஆளும் ஒரு நுண்ணோக்கியும் அங்கே காத்திருக்கின்றன என்பது மறுபாதி. கால் விஷயத்தில் முதல் பாதியை மாற்ற முடியாது. நோய்க்கு வலியைக் கற்பிக்க முடியாது. இரண்டாவது பாதி நம் கையில் இருக்கிறது.

காலில் நுண்ணோக்கிக்கு இருக்கும் வேலை கண்ணைவிட முக்கியமானது. காரணம், மதுரா கால் என்ற ஒரே உருவத்துக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மெய்யான பூஞ்சையால் வருவது. மற்றொன்று பூஞ்சைபோல இழை இழையாக வளரும் பாக்டீரியாவால் வருவது. கார்ட்டர் காலத்தில் எல்லாமே பூஞ்சை என்று எண்ணினார்கள். பெயரிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் சொல்வது கடினம். ஆனால் வைத்தியமோ வடதுருவம் தென்துருவம். பாக்டீரியா வகைக்கு கோ-டிரைமாக்சசோல் மாத்திரையும் அமிக்காசின் ஊசியும் சேர்த்துச் சுற்றுச் சுற்றாகக் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். ஊசி காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் கண்காணிப்பு வேண்டும், அவ்வளவே. டெல்லி எய்ம்ஸ் தோல்துறை, ஜென்டாமைசின் ஊசியில் தொடங்கிப் பிறகு மாத்திரையில் தொடரும் எளிய முறையையும் வகுத்தது. பூஞ்சை வகை அப்படி இறங்கி வராது. இட்ராகோனசோல் மாத்திரையை ஒரு வருடமோ அதற்கு மேலோ தின்ன வேண்டும், கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் சேர வேண்டும். அப்படியும் மூன்றில் ஒருவருக்குக் குணமானாலே பெரிது என்ற நிலை. இப்போது கவனியுங்கள்: தென்னிந்தியாவில் பதிவான நோயாளிகளில் கூடுதலானவர்களுக்கு இருந்தது பாக்டீரியா வகை. அதாவது இந்த வட்டாரத்தில் புரையோடிய காலோடு வருகிறவருக்கு, மாத்திரையாலும் ஊசியாலுமே தீரக்கூடிய நோய் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அதைப் பாராமல் காலில் கத்தி வைப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

பார்ப்பதற்கு என்ன வேண்டும்? உப்புநீரில் நனைத்த சுத்தமான காஸ் துணியைப் புரை வாய்களின் மேல் வைத்து, இரவு முழுக்கக் கட்டுப் போட்டுவிட வேண்டும். காலையில் கட்டைப் பிரித்தால் துணியின் வலைக்கண்களில் குருணைகள் சிக்கியிருக்கும். நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கறுப்பு என்றால் ஏறக்குறைய உறுதியாகப் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெளுப்பும் மஞ்சளும் இரண்டிலும் வரும்; அங்கேதான் கண்ணாடிச் சில்லு வேண்டும். குருணையைக் கழுவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, இன்னொரு சில்லால் நசுக்கிப் பார்த்தால் தடித்த, கணு கணுவான இழைகள் தெரிந்தால் பூஞ்சை; மயிரிழையினும் மெல்லிய பின்னல் என்றால் பாக்டீரியா. குருணை கிடைக்காவிட்டால் ஆழத்திலிருந்து திசு எடுத்துச் சோதிக்க வேண்டும், கிருமியை வளர்த்தும் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய மருத்துவமனை தேவை. எலும்பு அரித்திருக்கிறதா என்று அறிய எக்ஸ்ரே. பரவலை அளக்க ஸ்கேன். ஆனால் முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த இரவுக் கட்டிலேயே கிடைத்துவிடும்.

இங்கே ஆட்சேபங்கள் எழும், அவை நியாயமானவை. முதலாவது, இது அபூர்வ நோய், ஆரம்ப சுகாதார நிலையங்கள் டெங்குவுக்கும் பிரசவத்துக்கும் நேரம் போதாமல் தவிக்கும்போது இதற்கு எங்கே இடம் என்பது. அபூர்வம் என்பதை எப்படி அறிந்தோம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் இந்த நோய்க்குத் தேசிய அளவில் கணக்கெடுப்பு கிடையாது. கணக்கில் வராததை அபூர்வம் என்று சொல்லிவிடுவது எளிது. 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கறுப்புப் பூஞ்சை என்ற மியூக்கோர்மைகோசிஸும் மண்ணிலும் மக்கும் குப்பையிலும் வாழும் பூஞ்சையால் வருவதுதான். சில வாரங்களுக்குள் தமிழ்நாடு அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் பதிவானார்கள், மருந்து ஒதுக்கப்பட்டது, டீக்கடையில்கூட அதன் பெயர் தெரிந்தது. எண்ணத் தொடங்கியதும் நோய் கண்ணுக்குத் தெரிந்தது. கறுப்புப் பூஞ்சை சில நாளில் ஆளைக் கொல்லும், மதுரா கால் கொல்லாது என்பது உண்மை. ஆனால் கூலிக்காரனின் காலை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது என்ன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உலக சுகாதார சபை 2016இல் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோயாக ஏற்றது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைக் கிருமிகளின் முன்னுரிமைப் பட்டியலில் மைசெட்டோமாவின் பூஞ்சைகளும் கண்ணைக் கெடுக்கும் ஃபியூசேரியமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்தப் பட்டியலில் அவை இரண்டும் சமம். நம் மருத்துவமனைகளில்தான் ஒன்றுக்கு ஆய்வுக்கூடம், மற்றொன்றுக்கு மாத்திரைச் சீட்டு.

இரண்டாவது ஆட்சேபம், சீமைக்கருவேலத்தை ஒழித்து, எல்லாரும் செருப்பு போட்டால் நோய் தானே போய்விடும் என்பது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊரெங்கும் பொக்லைன் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். நீருக்கும் நிலத்துக்கும் அந்த மரம் செய்யும் கேடு தனி வழக்கு. இந்த நோய்க்கு அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஜான் கில் எழுதியபோது இங்கே இருந்தவை நம் கருவேலும் உடையும்தான். சூடானில் மண்ணையும் முள்ளையும் மரபணுச் சோதனை செய்தபோது கிருமியின் தடயம் மண்ணில்தான் கூடுதலாகக் கிடைத்தது. முள் வெறும் ஊசி. மருந்துப் புட்டி போலக் கிருமியை வைத்திருப்பது மண். முள்ளுக்குப் பதில் கல், சிராய், தகரத்துண்டு எதுவானாலும் வழி திறந்துவிடும். தலையில் சும்மாடு வைத்து விறகு சுமப்பவர்களுக்கு முதுகிலும் கழுத்திலும் தலையிலும்கூட இந்த நோய் வந்திருக்கிறது. செருப்பு அவசியம், சந்தேகமில்லை. ஆனால் தேய்ந்த ரப்பர் செருப்பை உடைமுள் ஊடுருவும் என்பதைக் காட்டில் நடந்த யாரும் சொல்வார்கள். ஆலை வளாகங்களில் அறைக்கு வெளியே நடக்க ஒரு ஜோடி செருப்பும், வாசலில் அதை விட ஒரு பலகையும், பாதை ஓரம் முள் பெருக்க ஓர் ஆளும் இருப்பதற்கு உரிமையாளருக்கு ஆகும் செலவு ஒரு நாள் உற்பத்தியின் ஓரத்துக்குக்கூட வராது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: தாலுகா மருத்துவமனையில் யார் குருணையை நசுக்கிப் பார்ப்பது? இதற்கான விடை நம் சுகாதார அமைப்பிலேயே பல காலமாக இருக்கிறது. காசநோய்க்குச் சளியை நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய ஆய்வக நுட்பனர் ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு. மலேரியாவுக்கு ரத்தத் தடவலைப் படித்த கண்களும் உண்டு. சில்லு இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் மிக மலிவானது. இல்லாதது ஒன்றே ஒன்று: ஆறாத கால் புண்ணைக் கண்டால் ‘குருணை வருகிறதா?’ என்று கேட்கும் வழக்கம். சந்தேகம் தீராதவர்களை அனுப்ப 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது. அதற்கப்பால் மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கப் போகும் பெண்கள், ‘அம்மா, காலைக் கொஞ்சம் காட்டுங்க’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் போதும். சர்க்கரைக்காரர்களின் பாதத்தை எப்படியும் பார்க்கத்தான் வேண்டும். அதே பார்வையில் முடிச்சும் புரையும் தென்படும்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்: கண்டுபிடித்தாலும் பூஞ்சை வகைக்கு மருந்து சரியில்லையே, பிறகென்ன பயன்? இதை மறைக்க வேண்டியதில்லை, மருந்து பலவீனமானதுதான். 1991இல் கார்ட்டூமில் தொடங்கிய மைசெட்டோமா ஆய்வு மையம், வாரத்துக்கு ஒருமுறை விழுங்கும் ஃபோஸ்ராவுகோனசோலை இட்ராகோனசோலோடு ஒப்பிட்டுச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டது. பழைய மருந்தைவிட அது மேல் என்று நிறுவப்படவில்லை. ஆனால் தினமும் வேளைக்கு வேளை விழுங்கும் சுமை அதில் இல்லை. 2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போரில் அந்த மையமே சிதைந்தது. மதுரையின் பெயர் தாங்கிய நோய்க்கு உலகத்தின் தலைமை மையமாக இருந்த இடம் அது. இங்கே நமக்கு அதில் கொஞ்சம் கடனும் கடமையும் உண்டு. மருந்து பலவீனம் என்பதே சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம். பூஞ்சையே ஆனாலும் சுண்டைக்காய் அளவு முடிச்சாக, எலும்பைத் தொடாமல் இருக்கும்போது, மாத்திரையோடு சேர்த்துச் சுற்றுத் திசுவுடன் வெட்டி எடுத்துவிடலாம், கால் தங்கும். அதே முடிச்சு பாதம் முழுக்கப் பரவிய பிறகு அறுவை மருத்துவருக்குக் கணுக்காலுக்கு மேலே கோடு போடுவதைத் தவிர வழி இருக்காது. இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான் நோயாளியின் சொத்து.

வைத்தியம் தொடங்கியவர் அதை விட்டுவிடாமல் இருக்கவும் ஏற்பாடு வேண்டும். நரிக்குடிப் பக்கத்துக் கரிமூட்டத் தொழிலாளி மாதா மாதம் ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்தேறி மதுரை போக வேண்டும் என்றால், கசிவு நின்றதும் போவதை நிறுத்திவிடுவார். வலியில்லாத நோயில் அதுதான் நடக்கும். பாதியில் விட்ட நோய் திரும்பி வரும், முன்னிலும் மூர்க்கமாக. மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் அவருடைய சுகாதார நிலையத்துக்கே வந்தால் ஒரு வருட வைத்தியம் ஒரு வருடம் நடக்கும். தொழுநோய்க்கும் காசநோய்க்கும் அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்த அனுபவம் இந்த மாநிலத்துக்கு நிறையவே உண்டு.

ஊரில் செய்யக்கூடியது ஒன்று மிச்சம். முள் குத்தினால் முழுதாக எடுத்து, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். எருக்கம்பால் வேண்டாம், கண்ணுக்கு அருகே அதைக் கொண்டுபோகவே கூடாது, அந்தப் பால் கருவிழியைப் புண்ணாக்கும். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் மருத்துவரிடம் போய் எடுத்துவிட வேண்டும். பிறகு அந்தத் தேதியைக் குறித்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் வீடுகளில் தொங்கும் தினசரி காலண்டர்களில் பெரும்பங்கு சிவகாசியில் அச்சாகிறது. நல்ல நேரமும் ராகு காலமும் இருக்கும் அந்தத் தாளின் ஓரத்தில் ‘வலது கால், முள்’ என்று எழுதிக் கிழிக்காமல் வைத்தால் போதும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அந்த இடத்தில் வலியில்லாத முடிச்சு தெரிந்தால், தாளையும் காலையும் மருத்துவரிடம் காட்டலாம். ‘எப்போது குத்தியது?’ என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதும் சீட்டில் ‘ஆறாத புண்’ என்பதோடு நிறுத்தாமல், குருணை வந்ததா, என்ன நிறம், பூஞ்சையா பாக்டீரியாவா என்ற மூன்று கேள்விகளுக்கும் இடம் இருக்க வேண்டும்.